மலேரியாக் கிருமியை ஆராய்ந்த பேராசிரியை
(தோட்ட நலன்புரிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வன்னியிலே சொந்தக்காரர் உள்ள குடும்பங்கள் நம்ம மத்தியில் நிறைய. 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு மலையை விட்டுப் போனவர்கள் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் காடு வெட்டிக் குடியேறினார்கள். உயரமான தோட்டங்களில் மலேரியா அரிது. வன்னியில் அப்படியில்லை. குளிர் நடுங்கி, காய்ச்சல் கொதித்து, வியர்த்து ஓய்ந்துவிடும். பிறகு திரும்பவும் வரும்.

இந்தக் கிருமியை நுளம்பு காவுகிறது என்பதற்கான முதல் தடயத்தை 1897இல் செகந்திராபாத்தில் டாக்டர் ரொனால்ட் ரோஸ் கண்டார். நம்ம நாட்டிலே அந்தக் கிருமியை ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் கொழும்புப் பல்கலைக்கழகப் பேராசிரியை காமினி மெண்டிஸ்.

காய்ச்சல்காரரின் இரத்தத்தை நுளம்பு குடிக்கும்போது என்ன நடக்கிறது? இதைத்தான் அவர் தேடினார். காய்ச்சல் வந்தவர்களின் இரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புச் சக்தி, நுளம்பின் வயிற்றுக்குள்ளேயே கிருமியை வளரவிடாமல் தடுக்கக்கூடும் என்று அவரும் கூட்டாளிகளும் 1987இல் எழுதினார்கள். பிறகு உலக சுகாதார நிறுவனத்திலும் மலேரியாவுக்கு எதிராகவே உழைத்தார்.

ஆராய்ச்சி மட்டும் போதாது. மருந்தடித்தவர்களும், வீடு வீடாக இரத்தம் எடுத்தவர்களும் யுத்த காலத்திலும் வேலை செய்தார்கள். 2000ஆம் ஆண்டில் நாட்டில் 2 இலட்சத்துக்கு மேற்பட்டோருக்கு மலேரியா. 2012 ஒக்டோபருக்குப் பிறகு, சான்றிதழ் கிடைக்கும்வரை உள்ளூரில் தொற்றியவர் எவரும் இருக்கவில்லை. 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் தந்தது.

ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. 1963இலும் இப்படித்தான், நாடு முழுக்க 17 பேருக்குத்தான் மலேரியா. அசந்துவிட்டோம். 1968, 69இல் 5 இலட்சம் பேருக்கு மேல் பிடித்துக்கொண்டது. நோய் போனாலும் நுளம்பு போகவில்லையே! கிணற்றிலும் தொட்டியிலும் பெருகும் புதுவகை நுளம்பையும் மன்னாரில் கண்டிருக்கிறார்கள்.

ஆகவே இந்தியாவுக்கோ ஆபிரிக்காவுக்கோ போய் வந்த யாருக்கும் காய்ச்சல் வந்தால், பெனடோலைப் போட்டுக்கொண்டு லயத்திலே படுத்திருக்க வேண்டாம். ஒருவகைக் கிருமி ஈரலில் மாதக்கணக்கில் ஒளிந்திருக்கும். அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்க. எங்கே போய் வந்தீங்க என்று வைத்தியரிடம் நீங்களே முந்திச் சொல்லுங்க, இரத்தத்தைப் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்க. வன்னியிலே இருக்கிற சொந்தக்காரருக்கும் இதை மறக்காமல் சொல்லிவிடுங்க.