முதலில் சைக்கிள் போகட்டும்



இந்த ஈஸ்ட் ஹாம் இலக்கிய மாலையில் எனக்குத் தந்த தலைப்பு ‘புலம்பெயர் இலக்கியத்தில் நகரம்’. நகரத்தைப் பற்றித்தான் பேசப்போகிறேன். ஆனால் கதைப் புத்தகத்துக்குள் இருக்கிற நகரத்தை அல்ல, இந்த மண்டபத்தின் கதவைத் திறந்தால் தெரிகிற நகரத்தை. அதன் சந்திகளை. அவைத் தலைவர் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இந்தச் சபையில் சைக்கிள் ஓடத் தெரியாதவர்கள் கையைத் தூக்குங்கள். தூக்குங்கள், பார்ப்போம்! ஒரு கை இல்லை. எப்படி இருக்கும்? நாங்கள் யார்? 1990-க்குப் பிறகு பெற்றோல் இல்லை, மின்சாரம் இல்லை என்று எங்கட யாழ்ப்பாணக் குடாநாட்டை அடைத்து வைத்தபோது, ஒரு சமூகத்தையே சைக்கிளில் ஏற்றி நடத்திய சனம் நாங்கள். நோயாளி கரியரில் போனார். விறகு போனது. மூட்டை மூட்டையாக வெங்காயம் போனது. பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளைகள் வீதியை நிறைத்துக்கொண்டு போனார்கள். இந்த நாட்டு நொட்டிங்ஹாமில் செய்த ராலி சைக்கிளை அப்பா ஓடி, மகன் ஓடி, பிறகு பேரனும் ஓடினான்.

இன்னொன்றும் செய்தோம். உங்களுக்கு ஞாபகம் இருக்கும். சைக்கிளை முற்றத்தில் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் இருந்து வயர் இழுத்து ரேடியோவில் கொழுவி, பி.பி.சி தமிழோசை கேட்டோம். ஊரே குந்தியிருந்து கேட்டது. சுற்றுகிறவர் களைத்தால் செய்தி அடங்கிப் போகும், உடனே அடுத்தவர் கை கொடுப்பார். லண்டனில் இருந்து வந்த குரலை நாங்கள் சைக்கிள் மிதித்துக் கேட்டோம் ஐயா!

கைதட்டுங்கள், தட்டத்தான் வேண்டும். ஆனால் அடுத்த கேள்விக்கும் கை தூக்குங்கள். அந்த லண்டனுக்கே வந்துவிட்டோமே, இன்றைக்கு இந்த மண்டபத்துக்குச் சைக்கிளில் வந்தவர்கள் எத்தனை பேர்?

பாருங்கள். அங்கே ஒன்று, இங்கே ஒன்று. ஷெல் விழுந்த வீதியில் சைக்கிள் ஓடிய தாய், இங்கே தன் பிள்ளைக்குப் பிறந்தநாளுக்குச் சைக்கிள் வாங்கிக் கொடுத்துவிட்டுப் பூட்டின் திறப்பை ஒளித்து வைக்கிறாள். ஏன்? பிள்ளை நேரே போவான், அது பயமில்லை. சந்தி வரும். அங்கே இடது பக்கம் திரும்புகிற லொறி வரும். அதுதான் அவள் பயம். அந்தப் பயம் நியாயமானது என்று சொல்லத்தான் நான் ஏறி நிற்கிறேன்.

ஸ்ராட்ஃபோர்டைத் தாண்டிப் போனால் போ சுற்றுவட்டம் இருக்கிறது. உங்களில் பாதிப் பேர் வாரம் ஒருமுறையாவது கடக்கிற இடம். 2011 ஜூலையில் லண்டன் போக்குவரத்து அதிகாரசபை, நாங்கள் ரி.எஃப்.எல் என்று சொல்கிறவர்கள், ஓல்ட்கேட்டில் இருந்து அங்கே வரைக்கும் ‘சைக்கிள் பெருவழி 2’ என்ற பாதையைத் திறந்தார்கள். பெருவழி என்று பெயர். பெரும்பாலான இடத்தில் தார் ரோட்டுக்கு மேல் நீலப் பெயின்ற், அவ்வளவுதான். அந்த நீலத்தைக் கொண்டுபோய் லொறிகள் சுழன்று திரும்புகிற சுற்றுவட்டத்தின் வாயில் விட்டார்கள். பாம்புப் புற்றுக்கு முன்னால் கோலம் போட்டு, குழந்தையை அதில் உட்காரச் சொன்னது போல. அதே ஆண்டு ஒக்டோபரில் ஒருவர் செத்தார். நவம்பரில் இன்னொருவர். திறந்து நாலு மாதம் ஆகவில்லை!

அப்போது அதிகாரசபை என்ன பதில் சொன்னது? 2012-இல் போவில் ஒரு புது சிக்னல் போட்டார்கள். சைக்கிளுக்கு முதலில் பச்சை விழும், லொறிக்குச் சில விநாடி பொறுத்து. நல்ல யோசனை, நான் மறுக்கவில்லை. ஆனால் பச்சை விழுந்த பிறகு வந்து சேருகிற சைக்கிள்காரருக்கு அதனால் என்ன பயன்? அவர் பழையபடி லொறிக்குப் பக்கத்தில்தான். 2013 நவம்பரில் அதே போவில் மூன்றாவது உயிர் போனது. அந்த மாதம் இரண்டு வாரத்துக்குள் லண்டன் முழுக்க ஆறு சைக்கிள்காரர்கள் செத்தார்கள். ஆறு பேர்! அதற்கு முந்தின மாதம்தான் ஒரு மரண விசாரணை அதிகாரி, இந்த நீலப் பெயின்ற் சைக்கிள்காரருக்குப் பொய்யான பாதுகாப்பு உணர்வைக் கொடுக்கிறது என்று எச்சரித்திருந்தார். எச்சரிக்கை வந்து ஒரு மாதத்தில் ஆறு சவப்பெட்டி.

அந்த நேரத்தில் சில பெரிய மனிதர்கள் பேசிய பேச்சு இருக்கிறதே, அதை நான் மறக்கவில்லை. காதில் ஹெட்போன் மாட்டுகிறார்களாம், சிவப்பு விளக்கில் நிற்பதில்லையாம். ஆயிரக்கணக்கான பொலிசாரை 166 சந்திகளில் நிறுத்தி, சைக்கிளையும் மறித்து மறித்துப் புத்தி சொன்னார்கள். பத்து வருடம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். இதே பேச்சை எங்கட ஆட்களின் வேறொரு மேடையில், வேறொருவர், போன மாதமும் பேசியிருக்கிறார். பெயர் சொல்ல மாட்டேன், உங்களுக்குத் தெரியும். அவர் காரில் வந்து காரில் போகிறவர். போகட்டும், அது குற்றமில்லை. ஆனால் செத்தவர்கள் தங்கள் சாவைத் தாங்களே தேடிக்கொண்டார்கள் என்று மைக்கைப் பிடித்துச் சொல்ல அவருக்கு யார் உரிமை கொடுத்தது? ஒரு கணக்குச் சொல்கிறேன், அவருக்குப் போய்ச் சொல்லுங்கள். 2015 முதல் 2017 வரை லண்டனில் ஓடிய வாகனத் தூரத்தில் கனரக லொறிகளின் பங்கு நூற்றுக்கு 4. சைக்கிள்காரர் செத்த மோதல்களில் அவற்றின் பங்கு நூற்றுக்கு 63. இது ரி.எஃப்.எல் சொன்ன கணக்கு, நான் சொன்னதில்லை. ஹெட்போனா கொன்றது? உயரத்தில் இருக்கிற சாரதிக்குத் தன் இடது கதவுக்குக் கீழே என்ன நிற்கிறது என்று தெரியவில்லை. அப்படி ஒரு வண்டியை ஊருக்குள் விட்டவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

இங்கே ஒரு அண்ணர் இருக்கிறார். பெயரைச் சொன்னால் எழும்பிப் போய்விடுவார், அதனால் சொல்லவில்லை. பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை பார்த்து, விடியப்புறம் சைக்கிளில் வீடு திரும்பி வாழ்க்கையை ஓட்டிய மனிதர். இப்போது படிக்க வந்து சாப்பாடு டெலிவரி செய்கிற எங்கட தம்பிமாரை ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட்டிக்கொண்டு சந்திகளுக்குப் போகிறார். நின்ற லொறியின் இடப்பக்கத்தால் முன்னுக்குப் போகாதே. சாரதியின் கண்ணாடியில் அவர் முகம் உனக்குத் தெரியவில்லையா, நீ அவருக்குத் தெரியவில்லை. காசு வாங்காமல் இதைச் சொல்லிக் கொடுக்கிறார். பின்சுவரோடு நிற்கிற தம்பிமார் சிரிக்கிறார்கள், அவர்களுக்கு ஆளைத் தெரியும்!

சரி, ரி.எஃப்.எல்லைத் திட்டுவதற்கு மட்டும் நான் வரவில்லை. செய்ததைச் சொல்ல வேண்டும். அந்த ஆறு சாவுக்குப் பிறகு சனம் ரி.எஃப்.எல் கட்டடத்துக்கு முன்னால் நடு வீதியில் சைக்கிளோடு படுத்தது. பிணம் போலப் படுத்தது. அடுத்த ஆண்டு 33 ஆபத்தான சந்திகளைத் திருத்த 300 மில்லியன் பவுண் என்று அறிவிப்பு வந்தது. 2016-இல் எங்கட ‘பெருவழி 2’-இல் பெயின்ற் போய்க் கல் வைத்துப் பிரித்த பாதை வந்தது. தேம்ஸ் ஓரமாகவும் தனிப் பாதை வந்தது. அப்போதும் சிலர் நெரிசல், நெரிசல் என்று குதித்தார்கள், வழக்குக்கும் போனார்கள், தோற்றார்கள். நடந்தது என்ன? வீதி இடத்தில் நூற்றுக்கு 30-ஐ எடுத்துக்கொண்ட அந்தப் பாதை, நெரிசல் நேரத்தில் அவ்வழி போகிறவர்களில் நூற்றுக்கு 46 பேரைக் கொண்டுபோனது. சந்தியில் என்ன செய்தார்கள்? சைக்கிள் நேரே போகும்போது இடப்பக்கம் திரும்புகிற வாகனத்துக்குச் சிவப்பு. இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே இடத்துக்கு வராது. இவ்வளவுதான் ஐயா வேண்டியது!

லொறிக்கும் வழி கண்டார்கள். 12 தொன்னுக்கு மேற்பட்ட லொறிக்குச் சாரதியின் கண்ணுக்கு எவ்வளவு தெரிகிறது என்று பார்த்து நட்சத்திரம் கொடுக்கிறார்கள். 2021 மார்ச்சில் இருந்து அனுமதி இல்லாமல் லண்டனுக்குள் ஓடினால் தண்டம். 2024 ஒக்டோபரில் அளவை மூன்று நட்சத்திரத்துக்கு உயர்த்தினார்கள். அது இல்லாத லொறிக்குக் கமெரா, சென்சர் பூட்ட வேண்டும். இதற்கு நான் எழுந்து நின்று கைதட்டுகிறேன். நீங்களும் தட்டுங்கள்.

பிறகு ஏன் இந்தப் பேச்சு? ஒவ்வொரு பதிலும் சாவுக்குப் பிறகு வந்தது. அதுதான் என் வயிற்றெரிச்சல். மருந்து என்ன என்று தெரிந்து பத்து வருடத்துக்கு மேலாகிறது. 2017-இல் மிக மோசமான 73 சந்திகள் என்று அவர்களே பட்டியல் எடுத்தார்கள். பாதிக்கு மேல் திருத்தியும் விட்டார்கள். மீதி? 2041-க்குள் லண்டன் வீதியில் ஒரு சாவும் கடுங்காயமும் இருக்கக் கூடாது என்பது அவர்கள் குறிக்கோள். இன்றைக்குப் பத்து வயசுப் பிள்ளைக்கு அப்போது என்ன வயசு? அதுவரைக்கும் அந்தத் தாய் திறப்பை ஒளித்துக்கொண்டே இருப்பதா?

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ரி.எஃப்.எல் கையில் இருப்பது லண்டன் வீதியில் நூற்றுக்கு 5 தான். மீதி உள்ளூராட்சிச் சபைகளுடையது. கேட்டால் அவர் இவரைக் காட்டுவார், இவர் அவரைக் காட்டுவார். ஆனால் சந்தியைத் திருத்த முன்னம் இரண்டு பேரும் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கிறார்கள், படம் போட்டுக் கேட்கிறார்கள். எதிர்க்கிறவர்கள் தவறாமல் எழுதுகிறார்கள். எங்கட ஆட்கள் எழுதுவதில்லை. அந்த அண்ணர் ஒருவர்தான், ஆங்கிலம் எழுதத் தயங்குகிற அம்மாமாருக்குப் பக்கத்தில் இருந்து அவர்கள் சொல்லச் சொல்ல நிரப்பிக் கொடுக்கிறார். ஒரு மனிதர் எத்தனை பேருக்கு எழுதுவார்?

வாசலில் மேசை போட்டிருக்கிறது. வெள்ளைத் தாள் இருக்கிறது. உங்கள் பிள்ளை பள்ளிக்கூடம் போகிற வழியில் உங்களுக்குப் பயமாக இருக்கிற சந்தியின் பெயரை எழுதுங்கள். அங்கே என்ன நேரத்தில், எந்தப் பக்கத்தில் இருந்து லொறி திரும்புகிறது என்று எழுதுங்கள். தமிழில் எழுதுங்கள், ஆங்கிலத்தில் மாற்றி ரி.எஃப்.எல்லுக்கும் சபைக்கும் அனுப்புவது எங்கள் பொறுப்பு. கொத்துரொட்டி சூடாக இருக்கிறது என்று எனக்குத் தெரியும். எழுதிவிட்டுச் சாப்பிடப் போங்கள்.