கடன்பட்டவர் குற்றவாளி அல்லர்



சீட்டுப் பணம், விசாவுக்கு முன்பணம், வள்ளமும் வலையும் வாங்க எடுத்த கடன், ரப்பர் தோட்டக் குத்தகைப் பாக்கி. நம் குமரி மாவட்டத்தில் பணத் தகராறு முளைக்கிற இடங்கள் இவை. கொடுத்தவர் கேட்டுக் கேட்டுச் சலித்துப் போய்க் காவல் நிலையத்தில் ஒரு மனு கொடுப்பார். சாயங்காலம் வாங்கியவருக்குப் போன் வரும்: "சும்மா ஒரு விசாரணை, ஸ்டேஷன் வரைக்கும் வந்துட்டுப் போங்க." போனவருடைய செல்போனை வாங்கி மேசையில் வைத்துக்கொள்வார்கள். ராத்திரி பத்து மணிக்கும் அவர் அதே பெஞ்சில்தான் இருப்பார். விடிந்ததும் ஒரு வெள்ளைத்தாள் நீட்டப்படும். இன்ன தேதிக்குள் இவ்வளவு தருகிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் வீட்டுக்குப் போகலாம். எல்லா நிலையத்திலும் இப்படி என்று நான் சொல்லவில்லை. நடக்கிற இடத்தில் இப்படித்தான் நடக்கிறது. பதிவேட்டில் வழக்கு இருக்காது, கைதும் இருக்காது. இது கட்டப்பஞ்சாயத்து. காக்கி உடுத்தியவர் நடத்தினாலும் அதற்கு வேறு பெயர் கிடையாது.

கடனுக்காக ஆளை அடைப்பது பற்றி 1980 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. நம் பக்கத்துக் கேரளத்து வழக்கு. ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் எதிர் கொச்சி வங்கி. கடனைக் கட்டச் சொல்லி வங்கி டிகிரி, அதாவது நீதிமன்றத் தீர்ப்பாணை, வாங்கிவிட்டது. பணம் வரவில்லை என்றதும் கைது வாரண்ட். நீதிமன்றமே பிறப்பித்த வாரண்டுதான். அதையே நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் ஏற்கவில்லை. கையில் பணம் இருந்தும் கெட்ட எண்ணத்தோடு ஏய்க்கிறவரைத்தான் சிறைக்கு அனுப்பலாம், கட்ட வழியில்லாதவரை அடைப்பது அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவுக்கு விரோதம் என்று சொல்லி, கடனாளியின் இன்றைய நிலையை விசாரிக்கும்படி வழக்கைத் திருப்பி அனுப்பினார். அந்த நீதிபதி 1948-இல், வழக்கறிஞராக இருந்தபோது, தானே ஒரு மாதம் சிறையில் இருந்தவர். அடைபட்ட கதவின் உட்பக்கம் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

நீதிமன்றத்துக்கே இவ்வளவு கட்டுப்பாடு என்றால், டிகிரியே இல்லாமல் ஒரு நிலையம் எப்படி ஆளைப் பிடித்து வைக்க முடியும்? அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: கடனை மோசடி என்று எழுதுவது. ஆனால் வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்திருந்தால்தான் அது மோசடி. பிறகு தொழில் நொடித்துக் கொடுக்க முடியாமல் போனால் அது சிவில் கணக்கு. மோசடி என்றே வைத்துக்கொண்டாலும் அதற்கு அதிகபட்சத் தண்டனை 7 ஆண்டு. அந்த அளவுள்ள குற்றங்களில் எடுத்த எடுப்பில் கைது கூடாது, எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து அழைக்க வேண்டும் என்று 2014-இல் அர்னேஷ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கைது அவசியம் என்றால் காரணத்தை எழுதித் தர வேண்டும், வீட்டுக்குத் தகவல் சொல்ல வேண்டும், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். சாட்சியாக விசாரிக்க என்று பெண்களையோ 60 வயது தாண்டியவர்களையோ நிலையத்துக்கு வரச் சொல்லவே முடியாது. வீடு தேடி வந்துதான் கேட்க வேண்டும்.

ஆள் திரும்பவில்லை என்றால் அன்று ராத்திரியே வீட்டார் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. அந்தக் காலத்தில் வக்கீல்கள் முதலில் சொல்வது, "தந்தி அடிங்க." எஸ்.பி.க்கும் கலெக்டருக்கும் அடித்த தந்தியில் நேரம் பதிந்திருக்கும். மறுநாள்தான் கைது என்று பதிவேட்டில் எழுதினால், முந்தின நாள் தந்தி அதைப் பொய்யாக்கும். 2013-இல் தந்தி நின்றுபோனது. இப்போது 112-க்கு அழையுங்கள், எஸ்.பி. அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். எத்தனை மணிக்கு, யார் அழைத்து, எந்த நிலையத்துக்குப் போனார் என்று எழுதுங்கள். நிலையத்தின் சிசிடிவி பதிவை அழிக்காமல் வைக்கும்படி ஒரு மனுவும் கொடுங்கள். நிலையங்களில் கேமராவும் பதிவுச் சேமிப்பும் கட்டாயம் என்பது 2020 டிசம்பரில் வந்த உத்தரவு.

வக்கீல் வைக்க வசதியில்லையா? 15100 என்ற எண்ணில் இலவசச் சட்ட உதவி கிடைக்கும். பெண்களுக்கும், காவலில் இருப்பவருக்கும் வருமானக் கணக்கே பார்ப்பதில்லை. ஆளைக் காட்ட மறுத்தால் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடலாம், மனைவியோ தாயோ போடலாம். ஒரு காலத்தில் இதற்கு நாகர்கோவிலிலிருந்து சென்னைக்குப் போக வேண்டியிருந்தது. 2004 ஜூலையில் மதுரைக் கிளை வந்த பிறகு அந்தத் தூரம் பாதிக்கும் கீழே குறைந்தது. சட்டவிரோதமாக அடைத்தது நிரூபணமானால் அரசிடமிருந்து இழப்பீடும் கேட்கலாம். மிரட்டி எழுதி வாங்கிய வெள்ளைத்தாளை ஒப்பந்தச் சட்டப்படி தள்ளச் சொல்லலாம்.

பணம் கொடுத்தவரின் வயிற்றெரிச்சலையும் நான் அலட்சியம் செய்யவில்லை. மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த காசு அதில் போயிருக்கலாம். பிராமிசரி நோட்டு இருந்தால் 3 ஆண்டுக்குள் வழக்குப் போடுங்கள். காசோலை திரும்பியிருந்தால் 30 நாளுக்குள் வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். நேரில் பேசித் தீர்க்கத்தான் விருப்பம் என்றால் மக்கள் நீதிமன்றம் இருக்கிறது. அங்கே எழுதும் சமரசத்துக்கு டிகிரியின் வலு உண்டு, மேல்முறையீடும் கிடையாது.