திரையில் ஓடும் பந்தயக் கார்

மொழிபெயர்ப்புத் தொழிலில் ஒரு பழைய வழக்கு உண்டு. சொல்லுக்குச் சொல் வைப்பது மூலத்துக்கு உண்மையா, கருத்தைக் கொணர்வது உண்மையா என்பதே அது. சர்க்கார் கோப்புகளில் இவ்வழக்கை அன்றாடம் சந்திக்கும் நாம், பிள்ளைகள் ஆடும் கார்ப் பந்தய வீடியோ விளையாட்டிலும் அதையே காண்கிறோம். மைசூர்ப் பகுதியின் ராமாபுரமாயினும் மும்பையின் தாராவியாயினும், தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள், “அப்பா, அசல் கார் மாதிரியே இருக்கிறது” என்று வியப்பதைக் கேட்கலாம். அசல் என்பது எது?

முதலில் காட்சியை எடுத்துக்கொள்வோம். 1982இல் ஜப்பானின் நாம்கோ நிறுவனம் ‘போல் பொசிஷன்’ என்னும் விளையாட்டை வெளியிட்டது. அந்நாட்டில் உண்மையாகவே உள்ள ஃபியூஜி பந்தயத் தடத்தை அது சித்திரித்தது. ஆயினும் அதன் கார் சில வண்ணக் கட்டங்களின் தொகுப்பே. 1997இல் பிளேஸ்டேஷன் கருவிக்கு ‘கிரான் டூரிஸ்மோ’ வந்தது. அதில் ஒரு காரின் உருவம் சில நூறு சிறு பரப்புகளால் அமைந்தது. பின்னர் அவ்வெண்ணிக்கை இலட்சங்களை எட்டிவிட்டது. இன்றைய கருவி வினாடிக்கு 60 படங்கள் வீதம் வரைந்து, ஒவ்வொன்றிலும் வெயிலும் நிழலும் விழும் இடத்தைக் கணக்கிடுகிறது.

இது சொல்லுக்குச் சொல் பெயர்ப்பது போன்றது. கருத்தோ வேறிடத்தில் இருக்கிறது. பிரேக்கை அழுத்தினால் காரின் பாரம் முன்சக்கரங்களின்மேல் சாய்கிறது; பின்சக்கரங்களின் பிடி தளர்கிறது. அவ்வேளையில் ஸ்டியரிங்கை வெடுக்கெனத் திருப்பினால் வண்டி சுழன்றுவிடும். இதைச் சரியாகக் கணக்கிடும் விளையாட்டு, காட்சி மங்கலாயினும் மெய்யானது. கணக்கிடாதது, எத்துணைப் பளபளப்பாயினும் வெறும் சித்திரமே.

நம் நாட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு. டெல்லிக்கு அருகே, கிரேட்டர் நொய்டாவில் உள்ள 5.125 கிலோமீட்டர் நீளமான புத்தா பந்தயத் தடத்தில், முதல் இந்தியக் கிராண்ட் பிரீ போட்டி 2011 அக்டோபர் 30இல் நடந்தது. அதற்கு முந்திய மாதமே ‘எஃப் 1 2011’ என்ற விளையாட்டில் அத்தடம் இடம்பெற்றுவிட்டது. மூலம் அரங்கேறுமுன் மொழிபெயர்ப்பு வெளிவந்தது போல! வளைவுகளும் ஏற்ற இறக்கங்களும் அதில் இருந்தன. ஆனால் அக்டோபர் 28இல், முதற்பயிற்சி ஓட்டத்தின்போது, நாய் ஒன்று தடத்துக்குள் ஓடிவர, ஓட்டத்தையே நிறுத்த நேர்ந்தது. நாயை எந்த வரைபடமும் எதிர்பார்க்கவில்லை. ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரான நம் கோயமுத்தூர் நாராயண் கார்த்திகேயன் அப்போட்டியில் 17ஆம் இடத்தில் முடித்தார். 2013க்குப் பின் அங்கே ஃபார்முலா ஒன் பந்தயம் நடைபெறவில்லை. பழைய விளையாட்டுத் தட்டுகளில் மட்டும் அது நடந்துகொண்டே இருக்கிறது.

திரைமுன் பயின்றே ஓட்டுநராகலாம் என்பதற்கும் சான்று உண்டு. பிரிட்டனைச் சேர்ந்த ஜான் மார்டன்பரோ என்ற இளைஞர், கிரான் டூரிஸ்மோ ஆடுவோருக்கென நடந்த தேர்வில் 2011இல் வென்றார். 2013இல் பிரான்சின் லெ மான் 24 மணிப் பந்தயத்தில் அவரது குழு தன் பிரிவில் மூன்றாம் இடம் பெற்றது. ஆனால் 2015 மார்ச்சில், ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் தடத்தில், ஒரு மேட்டில் அவரது கார் காற்றில் எழும்பி வேலியைத் தாண்டிற்று. பார்வையாளர் ஒருவர் உயிரிழந்தார். அதே தடம் கிரான் டூரிஸ்மோவிலும் உண்டு. அங்கே வேலிக்கு அப்பால் நிற்பவர் எவரும் இறப்பதில்லை.

ஆதலின் பிள்ளைகளின் விளையாட்டை இகழ வேண்டா. பாரத்தையும் பிடியையும் பற்றி அது கற்பிப்பது மெய்யே. ஆயினும் அதில் நொறுங்கிய கார், ஒரு பொத்தானை அழுத்தியதும் புதிதாகிவிடுகிறது. அண்ணனின் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு சாலைக்குப் புறப்படும் பதினாறு வயதுப் பிள்ளைக்கு அந்தப் பொத்தான் கிடையாது. பெற்றோர்களே, ஒரு நாள் மாலை திரைமுன் அவனுக்குப் பக்கத்தில் அமருங்கள். அவனது திறமையை மெச்சுங்கள். பிறகு, “நாய் குறுக்கே வந்தால் என்ன செய்வாய்?” என்று கேளுங்கள். விடை சொல்லுமுன் அவன் சற்றே யோசித்தானாயின், அதுவே போதும்.