ஏழாம் வகுப்பும் மடிக்கணினியும்



அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் மெய்ன் என்றொரு மாநிலம். காடு, மீன்பிடி, காகித ஆலை, இவைதான் அங்கே வெகுகாலமாகப் பாடுபடும் மக்களின் பிழைப்பு. 2002ல் அந்த மாநில அரசாங்கம் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் சுமார் 17,000 பேருக்கும் ஆளுக்கொரு மடிக்கணினி கொடுத்தது. மறு வருஷம் எட்டாம் வகுப்புக்கும் கொடுத்தது. ஆசிரியர்களுக்கும் கணினி கொடுத்துப் பயிற்சியும் தந்தார்கள். அது இல்லாவிட்டால் கணினி வெறும் பெட்டிதானே!

யோசனை கவர்னர் ஆங்கஸ் கிங்குடையது. வீண் செலவு என்று பெருங்கூச்சல் எழுந்தது. பணக்காரன் தன் பிள்ளைக்குக் கடையில் வாங்கித் தருவான். ஆலைத் தொழிலாளியின் பிள்ளைக்கு யார் தருவது? கூச்சல் போட்டவர்கள் இதற்குப் பதில் சொல்லவில்லை.

2003 ஜனவரியில் மில்லினாக்கெட் காகித ஆலை திவாலாயிற்று. ஆயிரம் பேருக்கு மேல் வேலை போயிற்று. ஆனாலும் அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கும் வகுப்பில் அதே கணினிதான்.

வகுப்பில் சரி, வீட்டில்? கணினியை வீட்டுக்கு அனுப்புவதா என்பதை அந்தந்த ஊர்ப் பள்ளியின் முடிவுக்கே விட்டுவிட்டார்கள். அனுப்பாத ஊரில் மாலை மணி அடித்ததும் சமத்துவம் அலமாரிக்குள் போய்விட்டது. சில ஊர்களில் பெற்றோரிடம் இன்ஷூரன்ஸ் பணம் கேட்டார்கள். வேலை இழந்தவன் அந்தப் பணத்துக்கு எங்கே போவான், தோழர்களே?