நிறுவுகையில் நின்றுபோகும் மென்பொருள்



பொறியியல் பயிலும் மாணவருக்கு இக்காலத்தில் வரைபலகையும் கவராயமும் மட்டும் போதா. ஓட்டோகாட், சொலிட்வேர்க்ஸ், மற்லாப் முதலிய மென்பொருள்களும் அவருடைய கருவிகளாகிவிட்டன. 1982 ஆம் ஆண்டில் முதன்முதலாக வெளிவந்த ஓட்டோகாட், சில நெகிழ்தட்டுகளில் அடங்கியது. இன்றோ இத்தகைய மென்பொருள்கள் பல கிகாபைற்று அளவினவாக வளர்ந்துவிட்டன. இவற்றைக் கணினியில் நிறுவும்போது, முன்னேற்றத்தைக் காட்டும் பட்டை இடையில் நின்று, நெடுநேரம் அசையாதிருப்பது பலரும் கண்டதே. அவ்வேளையிற் செய்யத்தக்கது யாது, செய்யத்தகாதது யாது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

நிறுவுதல் என்பது பல வேலைகள் சேர்ந்த ஒன்றாகும். முதலில், சுருக்கிக் கட்டப்பட்ட கோப்புகள் விரிக்கப்படுகின்றன. அடுத்து, அம்மென்பொருளுக்கு வேண்டிய துணைப்பொருள்கள் கணினியில் உளவா என்று பார்க்கப்படுகின்றது. விண்டோஸ் கணினியாயின், விஷுவல் சி பிளஸ் பிளஸ் நூலகங்களும் டொட் நெற்றும் அத்தகைய துணைப்பொருள்கள். இல்லாதவை சேர்க்கப்பட்ட பின்னரே முதன்மைக் கோப்புகள் இடம்பெறும். உரிமத்தைச் சரிபார்க்கும் பகுதியும் உடன் அமையும். இத்தனை வேலைகளையும் ஒரு சிறு பட்டை காட்ட வேண்டியிருத்தலின், அது கடிகார முள்ளைப்போலச் சீராக நகர்வதில்லை.

ஆதலின், நாம் முதற்கண் அறிய வேண்டியது, கணினி மெதுவாக வேலை செய்கின்றதா, அன்றி உண்மையாகவே நின்றுவிட்டதா என்பதாகும். கொன்ரோல், ஷிப்ற், எஸ்கேப் என்னும் மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்தினால் ‘ராஸ்க் மனேஜர்’ என்னும் சாளரம் தோன்றும். அதில் வன்தட்டும் செயலியும் எவ்வளவு உழைக்கின்றன என்பதைக் காணலாம். நிறுவும் நிரலின் பெயருக்கு எதிரே எண்கள் மாறிக்கொண்டிருப்பின், வேலை நடைபெறுகின்றது, பொறுத்திருத்தலே தக்கது. சிலவேளை, அனுமதி கேட்கும் சிறு சாளரமொன்று மற்றொரு சாளரத்தின் பின்னால் மறைந்து நிற்கும். நாம் கணினிக்காகக் காத்திருக்க, கணினி நமது விடைக்காகக் காத்திருக்கும். ஓல்ற், ராப் விசைகளை அழுத்தி அதனையும் பார்த்துக்கொள்க.

அரைமணி நேரம் சென்றும் எவ்வித அசைவும் இல்லையாயின், காரணத்தைத் தேடலாம். விண்டோஸ் நிறுவி ஒரு வேளையில் ஒரு நிறுவலையே முழுமையாக நடத்த வல்லது. பிறிதொரு நிறுவல் முடியாதிருப்பின் புதியது தடைப்படும். 1618 என்னும் பிழையெண் தோன்றினால் அதன் பொருள் இதுவே. விண்டோஸின் இற்றைப்படுத்தல் அரைகுறையாக நிற்பதும் தடையாகலாம். இவற்றிற்குப் பெரும்பாலும் மறுதொடக்கமே மருந்து. ஆயின் ஒன்றை நினைவிற் கொள்ளல் வேண்டும். 2012 இல் வெளிவந்த விண்டோஸ் 8 முதலாக, விரைவுத் தொடக்கம் என்னும் வசதி இயங்கும் கணினிகளில், ‘ஷட் டவுண்’ கொடுத்து அணைப்பதனால் உள்நிலை முழுவதும் புதிதாவதில்லை. ‘றீஸ்ராட்’ என்பதையே தெரிவு செய்தல் வேண்டும்.

இரண்டாவது காரணம் இடப்பற்றாக்குறை. மென்பொருளை ‘டி’ பிரிவில் வைக்குமாறு நாம் பணித்தாலும், தற்காலிகக் கோப்புகள் பொதுவாக ‘சி’ பிரிவிலேயே விரிக்கப்படும். அங்கு இடமில்லையேல் வேலை தடைப்படும். மூன்றாவது, இணையத்திலிருந்து இறக்கிய கோப்பு பழுதுபட்டிருத்தல். வெளியிட்டோர் ‘ஷா 256’ என்னும் 64 எழுத்துச் சரிபார்ப்புக் குறியை வழங்கியிருப்பின், நம்மிடமுள்ள கோப்பின் குறியோடு அதனை ஒப்புநோக்குக. ஓர் எழுத்து வேறுபட்டாலும் மீண்டும் இறக்குவதே நன்று. நான்காவது, வைரஸ் தடுப்பு மென்பொருள் ஒவ்வொரு கோப்பையும் சோதித்துத் தாமதப்படுத்துதல்.

இவற்றுள் எது காரணம் என்று ஊகிக்க வேண்டுவதில்லை. கணினியே எழுதி வைக்கின்றது. பெரும்பாலான நிறுவிகள் தாம் செய்தவற்றை ஒரு பதிவுக்கோப்பில் வரிவரியாகக் குறித்து, தற்காலிகக் கோப்புறையில் வைக்கின்றன. அவற்றுள் இறுதியாக எழுதப்பட்டதைத் திறந்து, கடைசி வரிகளைப் படித்தல் வேண்டும். விண்டோஸ் நிறுவியின் பதிவாயின், ‘ரிற்றேர்ண் வலியூ 3’ என்னும் ஆங்கிலத் தொடரைத் தேடுக. தோல்வியுற்ற படி அதற்குச் சற்று மேலேயே பெரும்பாலும் குறிக்கப்பட்டிருக்கும்.

செய்யத்தகாதவை இரண்டு. பொறுமையிழந்து மின்னை நிறுத்துதல் முதலாவது. முறையாக இரத்துச் செய்தால், நிறுவி தான் செய்த மாற்றங்களைப் பின்வாங்க முயலும். மின்னை நிறுத்தினால் அரைகுறைக் கோப்புகள் எஞ்சி, அடுத்த முயற்சியையும் கெடுக்கும். மின்வெட்டுக்கு அஞ்சுவோர் மடிக்கணினியின் மின்கலத்தை நிரப்பிக்கொண்டு தொடங்குக. இரண்டாவது, உரிமப் பூட்டை உடைத்த திருட்டுப் பிரதிகளை நாடுதல். அவற்றுட் பல, வைரஸ் தடுப்பை அணைக்குமாறு முதலிலேயே கேட்கும். காவலாளியை அனுப்பிவிட்டுக் கதவைத் திற என்பதற்கும் இதற்கும் வேறுபாடில்லை. தகுதியுள்ள மாணவருக்கு ஓட்டோடெஸ்க் நிறுவனம் ஓட்டோகாட்டை இலவசமாகவே வழங்குகின்றது. பிறீகாட், ஒக்ரேவ் என்பன எவர்க்கும் இலவசம்.

நேயர்களே, தமிழ்மொழி மூலம் கற்றுப் பேராதனைக்கும் மொறட்டுவைக்கும் கிளிநொச்சி அறிவியல் நகருக்கும் பொறியியல் பயிலச் செல்லும் நம் பிள்ளைகள், அங்கு ஆங்கிலத்தில் கற்க வேண்டியவராகின்றனர். அந்நிலையில், திரையில் தோன்றும் ஓர் ஆங்கிலப் பிழைச் செய்தி, ‘இத்துறை எனக்கு ஆகாது’ என்னும் தாழ்வுணர்ச்சியை எளிதில் விளைவித்துவிடும். நின்றது ஓர் இயந்திரத்தின் வேலையேயன்றி மாணவரின் அறிவன்று என்பதைப் பெற்றோரும் ஆசிரியரும் எடுத்துரைத்தல் வேண்டும். பிழைச் செய்தியை அப்படியே ஒரு கொப்பியில் எழுதுக. ஒரு வேளையில் ஒரு மாற்றத்தை மட்டும் செய்து, விளைவையும் அதன்கீழ்க் குறிக்க. உதவி கேட்கும்போது ‘வேலை செய்யவில்லை’ என்னாது, அக்குறிப்பைக் காட்டுக. பழுதை ஆராயும் முறை பாலத்திற்கும் மின்பொறிக்கும் கணினிக்கும் ஒன்றே. அதனைப் பயிலும் முதற்பாடமாக இத்தடையை மாணவர் கொள்வாராக.