கை தாவ வேண்டாம். சுரம் இடம் மாறினால் போதும்



செராஸ் அடுக்குமாடி வீடொன்றில் கிட்டார் பழகும் ஒரு மாணவனை நினைத்துப் பாருங்கள். சி, எஃப், ஜி என்ற மூன்று மேஜர் கார்டுகளும் அவனுக்கு மனப்பாடம். ஆனால், பாட்டோடு வாசிக்கும்போது கை தடுமாறுகிறது. எஃப் கார்டுக்கு ஒரே விரலை எல்லாத் தந்திகளின் மேலும் படுக்க வைக்க வேண்டும். விரல் வலிக்கிறது, தாளம் தவறுகிறது. 'நமக்கு இது வராது' என்று கிட்டாரை உறையில் போட்டுவிடுகிறான். அவனுக்குத் திறமை இல்லாமல் இல்லை. ஒரு பாடம் சொல்லித் தரப்படவில்லை, அவ்வளவுதான்.

அந்தப் பாடத்தின் பெயர் இன்வெர்ஷன். மேஜர் கார்டில் இருப்பவை மூன்றே சுரங்கள். நம் முறையில் சட்ஜம், அந்தர காந்தாரம், பஞ்சமம். சி மேஜரில் அவை சி, இ, ஜி. சி அடியில் ஒலித்தால் மூலநிலை. இ ஒலித்தால் முதல் இன்வெர்ஷன். ஜி ஒலித்தால் இரண்டாவது. குடும்பம் அதேதான்; வாசலில் நிற்பவர் மட்டும் மாறுகிறார்.

மெல்லிய மூன்று தந்திகளை மட்டும் வாசியுங்கள். மூன்றாவது, இரண்டாவது, முதல் தந்தி என்ற வரிசையில் 5, 5, 3 ஆகிய ஃபிரெட்டுகளை அழுத்தினால் சி மேஜரின் மூலநிலை. 5, 6, 5 என்றால் எஃப் மேஜரின் இரண்டாவது இன்வெர்ஷன். 4, 3, 3 என்றால் ஜி மேஜரின் முதல் இன்வெர்ஷன். நான்கே ஃபிரெட்டுகளுக்குள் மூன்று கார்டுகள்! சியிலிருந்து எஃபுக்குப் போகும்போது மூன்றாவது தந்தியில் உள்ள விரல் அசையவே வேண்டாம்.

இது கைக்கு மட்டும் சுகமன்று. மூலநிலை வீடு வந்து சேர்ந்த உணர்வைத் தரும். இரண்டாவது இன்வெர்ஷன் நிலைகொள்ளாமல் அடுத்த கார்டைத் தேடும். தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை பயின்று, 1976-இல் 'அன்னக்கிளி' மூலம் அறிமுகமான இளையராஜாவின் பாடல்களில் அடிச்சுரத்தைக் கவனியுங்கள். அது ஓரிடத்தில் நிற்காது, நடந்துகொண்டே இருக்கும். அந்த நடைக்கு வழிவிடுவது இன்வெர்ஷன்தான்.

ஆகவே பெற்றோர்களே, பிள்ளை தடுமாறினால் வகுப்பை நிறுத்திவிடாதீர்கள். இந்த மூன்று வடிவங்களையும் நாளும் பத்து நிமிடம், மெதுவாக, தாளம் தட்டி வாசிக்கச் சொல்லுங்கள். உறையில் உறங்கும் கிட்டார் மீண்டும் பேசும்.