நாதமும் நச்சுப்புகையும்



மோட்டார் காரை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குப் போய்ச் சேருவதற்கு உதவும் ஒரு சாதனமாக மட்டும் கருதுகிறவர்களுக்கு அதன் சப்தம் வெறும் தொல்லைதான். ஆனால் வண்டி ஓட்டுவதையே ஓர் ஆனந்தமாகக் கொண்டு, இருவர் மட்டுமே அமரக்கூடிய சிறிய ஸ்போர்ட்ஸ் காரை ஆசையோடு வாங்கி, மேற்கூரையை மடக்கிவிட்டு மலைச்சாலையில் வளைந்து வளைந்து ஏறுகிறவர்களுக்கோ, அந்த யந்திரத்தின் குரல் வழியெங்கும் காணும் காட்சிகளைப் போலவே பிரயாணத்தின் ஓர் அங்கம். அப்படிப்பட்டவர்கள், கம்பெனி பொருத்தித் தந்த சைலன்சர் அந்தக் குரலை அளவுக்கு மீறி அடக்கிவிட்டதென்று எண்ணி, அதை எடுத்துவிட்டுச் சற்று உரத்து ஒலிக்கும் வேறொன்றை மாட்டிக்கொள்ள விரும்புவதில் வியப்பில்லை. அந்த ஆசையைக் கண்டிப்பது என் நோக்கமன்று. பிறருடைய காற்றையும் பிறருடைய உறக்கத்தையும் கெடுக்காமல், சட்டத்தின் வரம்புக்குள் நின்று அதை நிறைவேற்றிக்கொள்வது எப்படி என்பதைத்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

பொதுப்படையாகப் பேசுவதைவிட ஓர் இடத்தையும் ஒரு வண்டியையும் எடுத்துக்கொண்டு பேசுவது நல்லது. இடம், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம். வண்டி, ஜப்பானிய மாஸ்டா நிறுவனம் 1989-இல் சிகாகோ கண்காட்சியில் அறிமுகப்படுத்தியதும், அமெரிக்கர்கள் மியாட்டா என்று அழைப்பதுமான எம்.எக்ஸ்-5. ஸ்போர்ட்ஸ் கார் ரசிகர்கள் திரளாக வாழும் அந்த மாநிலந்தான் புகை விஷயத்தில் உலகிலேயே மிகக் கண்டிப்பான சட்டதிட்டங்களை உடைய இடங்களுள் ஒன்றாகவும் இருக்கிறது. ஆகையால் இந்தப் பிரச்சினையின் இரு பக்கங்களையும் அங்கே தெளிவாகக் காணலாம்.

அந்தக் கண்டிப்பு காரணமின்றிப் பிறந்ததன்று. இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த 1943-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஒரு நாள், லாஸ் ஏஞ்சலஸ் நகரை ஒரு புகைமண்டலம் சூழ்ந்து, மக்களுக்குக் கண் எரிந்து தொண்டை கரகரத்தபோது, எதிரி விஷவாயுவை ஏவிவிட்டானோ என்றுகூடச் சிலர் அஞ்சினார்கள். தொழிற்சாலைகளின் மீது பழி சுமத்தப்பட்டது. உண்மையான காரணத்தை வெளிக்கொணர்ந்தவர் ஹாலந்தில் பிறந்து கால்டெக் கல்வி நிலையத்தில் பணியாற்றிய ஆரி ஹாகன்-ஸ்மிட் என்ற ரசாயன அறிஞர். அன்னாசிப்பழத்துக்கு அதன் மணத்தைத் தருவது எது என்று ஆராய்ந்த அவர், அதே நுட்பத்தோடு அந்நகரின் காற்றையும் ஆராய்ந்து, மோட்டார் வாகனங்களும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் வெளிவிடும் ஹைட்ரோகார்பன்களும், நைட்ரஜன் ஆக்சைடுகளும் சூரிய ஒளியில் வினைபுரிந்து ஓசோனாக மாறுகின்றன என்று 1950-களின் தொடக்கத்தில் நிரூபித்தார். 1967-இல் கலிபோர்னியாவின் காற்று வள வாரியம் தோன்றியபோது அதன் முதல் தலைவராக அமர்ந்தவரும் அவரே. நகரத்துக்கு வடக்கே அரணாக எழுந்து நின்று அந்தப் புகையை வெளியேறவொட்டாமல் தடுப்பவை சான் கேப்ரியல் மலைகள். அந்த மலைகளின் ஊடேதான், எம்.எக்ஸ்-5 வைத்திருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் விரும்பிச் செல்லும் ஏஞ்சலஸ் கிரெஸ்ட் நெடுஞ்சாலை ஓடுகிறது. தன் வண்டியின் நாதத்தை எந்த மலையில் ஒருவன் ரசிக்கிறானோ, அதே மலைதான் அவன் விடும் புகையையும் ஊரின் மேல் நிறுத்திவைக்கிறது.

இனி வண்டியின் அடியிலே குனிந்து பார்ப்போம். எஞ்சினின் நான்கு சிலிண்டர்களிலிருந்தும் வரும் புகையை ஒன்றாகத் திரட்டுவது ஹெடர் என்ற குழாய்க் கூட்டம். அதையடுத்து இருப்பது கேட்டலிடிக் கன்வர்ட்டர். அதன்பின் நீண்ட நடுக்குழாய், அதில் ஒரு ரெசனேட்டர், கடைசியாகப் பின்புறத்தில் சைலன்சர். இவற்றுள் கன்வர்ட்டரின் உள்ளே சற்று உற்றுப் பார்க்கவேண்டும். எஃகு உறைக்குள் ஒரு பீங்கான் கட்டி இருக்கிறது. அதன் முகப்பில் ஒரு சதுர அங்குலத்துக்குச் சுமார் 400 வீதம் நுண்ணிய துளைகள். அத்துளைகளின் சுவர்களிலே பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய அருமையான உலோகங்கள் மெல்லிய பூச்சாகப் படிந்திருக்கின்றன. சூடேறிய நிலையில் புகை அவற்றின் வழியே நுழைந்து செல்லும் கணப்பொழுதில், கார்பன் மோனாக்சைடு, எரியாத ஹைட்ரோகார்பன், நைட்ரஜன் ஆக்சைடு என்ற மூன்று விஷங்களும் பெரும்பாலும் கரியமில வாயுவாகவும் நீராவியாகவும் நைட்ரஜனாகவும் மாறிவிடுகின்றன. இதற்கு முன்னும் பின்னும் வைக்கப்பட்டுள்ள ஆக்சிஜன் சென்சார்கள், கலவை சரியாக இருக்கிறதா, கன்வர்ட்டர் தன் வேலையைச் செய்கிறதா என்பதை இடைவிடாமல் கவனித்து எஞ்சினின் கம்ப்யூட்டருக்குச் சொல்லுகின்றன.

இந்த அமைப்பைத் தெரிந்துகொண்டால், எங்கே கைவைக்கலாம், எங்கே கூடாது என்பது தானே விளங்கும். விஷத்தை அகற்றுவது கன்வர்ட்டர். சப்தத்தை அடக்குவது அதற்குப் பின்னால் இருக்கும் ரெசனேட்டரும் சைலன்சரும். கன்வர்ட்டரை எடுத்தெறிந்துவிட்டு வெறுங்குழாயைப் பொருத்துகிறவன், நாதத்தின் பேரால் அக்கம்பக்கத்தாரின் மூச்சுக்காற்றில் விஷத்தைக் கலக்கிறான். கலிபோர்னியாவின் வாகனச் சட்டம் அதன் 27156-ஆவது பிரிவின்கீழ் இதைத் தடுக்கிறது. ஹெடரை மாற்ற வேண்டுமானால், காற்று வள வாரியம் அந்தக் குறிப்பிட்ட வண்டிக்கு அந்தக் குறிப்பிட்ட பாகம் ஏற்றதென்று பரிசோதித்து, ஆணை எண் வழங்கியிருக்க வேண்டும். ஆனால் கடைசிக் கன்வர்ட்டருக்குப் பின்னால் தொடங்கி, அதையும் சென்சார்களையும் தொடாமல் வால்முனை வரை செல்லும், கேட்-பேக் என்று கடைகளில் விற்கப்படும் குழாய்த் தொகுதிக்கு அந்த எண் தேவையில்லை. ரசிகனுடைய சுதந்திரம் தொடங்கும் இடம் அதுதான். அது குறுகிய சுதந்திரமன்று. குரலை நிர்ணயிக்கும் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. சில பாகங்களின் பெட்டியில், பந்தயத் திடலில் மட்டுமே பயன்படுத்தத் தக்கது என்று சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கும். கடைக்காரர் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும், பொதுச்சாலையில் ஓடும் வண்டிக்கு அது உதவாது. 1976-ஆம் ஆண்டு மாடலும் அதற்குப் பிந்தியவையுமான பெட்ரோல் கார்கள், மிகப் புதியவை நீங்கலாக, இரண்டாண்டுக்கு ஒருமுறை புகைச் சோதனைக்குச் செல்ல வேண்டிய மாநிலம் அது. பரிசோதகர் கண்ணாலும் பார்க்கிறார், கம்ப்யூட்டரையும் கேட்கிறார். இன்னொன்று, பொருத்தும் வேலையிலும் கவனம் வேண்டும். கன்வர்ட்டருக்கு முன்னுள்ள இணைப்பில் மெல்லிய கசிவு ஏற்பட்டாலும், அதன் வழியே வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு, கலவையில் பெட்ரோல் குறைந்துவிட்டதென்று சென்சார் தவறாக அறிவிக்க, கம்ப்யூட்டர் வீணாகப் பெட்ரோலைக் கூட்டிவிடும். ஆகவே புதிய கேஸ்கெட் இல்லாமல் எந்த இணைப்பையும் மூடக்கூடாது.

புகையின் விஷயம் இத்துடன் நிற்க, ஒலியின் விஷயத்துக்கு வருவோம். கலிபோர்னியாவில் இத்தகைய காருக்கு 95 டெசிபல் உச்சவரம்பு. வண்டியை நிறுத்தி வைத்து, குழாயின் வாய்க்கு அரை மீட்டர் தொலைவில், 45 பாகை கோணத்தில் மைக்கை வைத்து அளப்பது வழக்கம். டெசிபல் கணக்கு சாதாரணக் கூட்டல் கணக்கைப் போன்றதன்று. பத்து டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது. காதுக்கோ அது ஏறத்தாழ இரு மடங்காகத் தோன்றுகிறது. திறந்த வெளியில் தொலைவு இரட்டிக்கும்தோறும் ஆறு டெசிபல் குறையுமாதலால், அரை மீட்டரில் 95 என்று அளக்கப்பட்டது 16 மீட்டரில் சுமார் 65 ஆகிவிடும். அது இருவர் சற்று உரக்கப் பேசிக்கொள்வதற்குச் சமானம். வரம்புக்குள் நிற்கும் வண்டி தெருவையே எழுப்பிவிடாது என்பது இதனால் தெளிவாகிறது.

ஆயினும் அளவு வேறு, இனிமை வேறு. மிருதங்கத்தில் ஓங்கி அடிப்பவனைவிடச் சுருதியோடு சேர்த்து வாசிப்பவனையே நாம் வித்வான் என்று கொண்டாடுகிறோம். நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒவ்வொரு சுற்றுக்கும் இருமுறை வெடிப்பதால், நிமிடத்துக்கு 3,000 சுற்றில் அதன் ஆதார ஸ்வரம் விநாடிக்கு 100 அதிர்வுகள். நெடுஞ்சாலையில் ஒரே சீராக ஓடும்போது எம்.எக்ஸ்-5-இன் எஞ்சின் பெரும்பாலும் அதையொட்டியே சுழல்கிறது. மலிவான சைலன்சர்களில் அந்த அதிர்வு வண்டிக்குள்ளே தங்கி, மணிக்கணக்காகக் காதைக் குடையும் முழக்கமாகிவிடும். தேர்ந்த தயாரிப்பாளர்கள் இதற்குப் பரிகாரமாக, ஒருமுனை மூடிய ஒரு கிளைக்குழாயைப் பிரதானக் குழாயோடு இணைக்கிறார்கள். அதற்குள் சென்று திரும்பிவரும் அலை, புதிதாக வரும் அலையோடு எதிராக மோதி அந்த ஒரு ஸ்வரத்தை மட்டும் அழித்துவிடுகிறது. சூடான புகையில் ஒலி விநாடிக்குச் சுமார் 500 மீட்டர் வேகத்தில் செல்லுமென்று கொண்டால், 100 அதிர்வுக்கு அந்தக் கிளையின் நீளம் சுமார் ஒன்றேகால் மீட்டர் இருக்கவேண்டும். மற்றபடி, சைலன்சர்களில் இரு வகை உண்டு. அறைகளாகப் பிரித்து அலைகளை ஒன்றோடொன்று மோதவிடுவது ஒன்று. துளையிட்ட குழாயைச் சுற்றிக் கண்ணாடி நாரைத் திணித்து ஒலியை உறிஞ்சவைப்பது மற்றொன்று. பின்னதில் நார் காலப்போக்கில் எரிந்தும் கரைந்தும் போவதால், வாங்கிய அன்று இனிமையாக இருந்த குரல் சில ஆண்டுகளில் கரகரத்துப் போகக்கூடும். வரம்பின் விளிம்பில் இருந்தது வரம்பைத் தாண்டியும்விடலாம்.

ஆகவே வாங்க நினைப்பவர்கள், அதே பாகம் பொருத்தப்பட்ட மற்றொருவர் வண்டியில் அமர்ந்து, நெடுஞ்சாலை வேகத்தில் கேட்டுப் பார்க்கவேண்டும். அதற்குப் பின், வண்டிக்கு வெளியே நின்று, இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த எஞ்சினை முதன்முதலாக முடுக்கும்போது கேட்கவேண்டும். கன்வர்ட்டரை விரைவில் சூடேற்றுவதற்காக, கம்ப்யூட்டர் அப்போது சிறிது நேரம் சுற்றைக் கூட்டித் தீப்பொறியைத் தாமதப்படுத்துமாதலால், அண்டை வீட்டார் மிகவும் உரக்கக் கேட்பது அந்தச் சப்தத்தையே. 95-ஐத் தொட்டுக்கொண்டு நிற்பதைவிட, அதற்குச் சில டெசிபல் குறைவாக நிற்பதைத் தேர்ந்தெடுப்பது விவேகம். குழாய் பெரிதாகப் பெரிதாக வேகம் கூடும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை. இந்தச் சிறிய எஞ்சினுக்குப் பின்குழாயை மாற்றுவதால் கிடைக்கும் பலம் அற்பமே. வாங்குவது குரலைத்தான் என்று மனத்துக்கு ஒப்புக்கொண்டு வாங்குவதே நேர்மை. கழற்றிய பழைய சைலன்சரை எறிந்துவிடாமல் பத்திரப்படுத்தி வைத்தால், புதியது மனத்துக்குப் பிடிக்காதபோதோ வண்டியை விற்கும்போதோ அது கைகொடுக்கும்.

நேயர்களே, சட்டம் என்றவுடன் அதை ஆசைக்கு எதிரியென்று எண்ணுவது இளமையின் சுபாவம். ஆனால் இந்த விஷயத்தில் சட்டம் கேட்பது இரண்டே: விஷத்தைச் சுத்தி செய்யும் பகுதியைத் தொடாதே, சப்தத்தைப் பிறர் பொறுக்கும் அளவில் வை. எஞ்சிய இடம் முழுவதையும், குழாயின் அகலத்தையும் உலோகத்தையும் அறைகளின் அமைப்பையும் குரலின் குணத்தையும், அது ரசிகனிடமே விட்டுவிடுகிறது. அந்த இடத்துக்குள் நின்று பொறுமையோடும் செவிநுட்பத்தோடும் தெரிவு செய்கிறவன், தன் வண்டியின் குரலைத் தானும் ரசிக்கலாம், அடுத்த வீட்டுக்காரரையும் கூசாமல் முகம் கொடுத்துப் பார்க்கலாம். அந்த இரண்டும் சேர்ந்து கிடைப்பதையே நான் நல்ல தேர்வு என்று சொல்லுவேன்.